ஏழாவது தம்ளர்

இதை எழுத வேண்டும் என்று நினைக்க ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது. இதற்காகவே மூன்று நோட்டு வாங்கினேன். ஒன்றில் பேத்தி யானை வரைந்தாள். இன்னொன்றை ஸ்ரீராமஜெயம் எழுதியே நிரப்பினேன். மூன்றாவது வெறும் தாளாகவே பழுத்துப்போனது. எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். வேலை வராவிட்டால் நானே ஒன்றைத் தேடி எழுந்துபோவேன். எதற்குப் பயந்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். தஞ்சாவூருக்கு வெளியே, வெண்ணாற்றுப் பக்கம் இருந்த ஒரு பெண்கள் விளையாட்டு விடுதியில் இருபத்திரண்டு வருடம் மெஸ் பார்த்தேன். எல்லோருக்கும் நான் மாஸ்டர்தான். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. எனக்கு அடுப்புதான் பழக்கம். என்றாலும் இதுபோன்ற விடுதிகளில் இப்போது கரண்டி பிடித்து நிற்கும் உங்களிடம் சொல்லாமல் போய்ச் சேர்ந்தால், மாரியம்மன் என்னை நிறுத்தி வைத்துக் கேட்பாள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன தப்பு. கல்யாணச் சமையலில் இருந்துதான் நான் விடுதிக்கு வந்தேன். கல்யாணத்தில் இலையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல் எழுந்தால்தான் சமையல்காரனுக்குப் பெருமை. அதே நினைப்பில் முதல் வாரமே ஒரு சாயங்காலம், கபடிப் பயிற்சி முடித்து வேர்வை சொட்டச் சொட்ட வந்த பிள்ளைகளுக்குச் சுடச்சுடப் பூரி மசாலாவும் ஐஸ் தண்ணீரும் வைத்தேன். பசியில் பறந்து சாப்பிட்டார்கள். கை கழுவும் இடத்துக்குப் போவதற்குள் மூன்று பேர் வாந்தி.

விடுதிக்கு வாரம் ஒரு தடவை வரும் நர்ஸம்மா அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மாஸ்டர், நீங்க இதுங்களைப் பந்தியில உக்கார்ற சம்பந்தின்னு நெனச்சீங்களா? இப்பதான் ஓடி முடிச்ச மாடு மாதிரி மூச்சு வாங்குதுங்க. முதல்ல தண்ணி காட்டுங்க. அப்புறம் தீனி."

அன்றிலிருந்து என் முறை மாறியது. பயிற்சி முடிந்ததும் உப்புப் போட்ட நீர்மோர், இல்லாவிட்டால் எலுமிச்சம்பழத்தில் உப்பும் சர்க்கரையும். பேராவூரணிப் பக்கத்திலிருந்து காய் வந்திருக்கும் நாளில் இளநீர். கூடவே ஒரு வாழைப்பழம். மூச்சு அடங்கி, முகம் கழுவி, அரை மணி போன பிறகு சுண்டல், முட்டை, பால். இரவில் வழக்கமான சோறு, குழம்பு, காய். வேர்வையில் போனது தண்ணீரும் உப்பும், அதை அதனாலேயே திருப்பிக் கொடு. ஓடிக் களைத்த சதைக்குச் சோறும் பயறும் முட்டையும் போதும். இதற்கு மேல் இதில் ரகசியம் எதுவும் இல்லை. ரகசியம் என்று யாராவது டப்பாவைத் திறந்தால்தான் நான் உஷாராவேன்.

உஷாராவது நம் தொழிலில் தப்பில்லை. பாலை மோந்து பார்க்கிறோம். முட்டையைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கிறோம். பருப்பைக் கையில் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்கிறோம். சந்தேகப்படாதவன் நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கக் கூடாது. சந்தேகப்பட்ட பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் நான் சறுக்கினேன்.

நான் வேலையில் இருந்த கடைசிக் காலத்தில் ஒரு புதுப் பயிற்சியாளர் வந்தார். வாட்டசாட்டமான ஆள். அதிகம் பேச மாட்டார். வந்த மாதமே ஒரு வெள்ளை டின்னைக் கொண்டுவந்து ஸ்டோர் அலமாரியில் வைக்கச் சொன்னார். சாவி என்னிடம்தான்.

"என்ன சார் இது?"

"பவுடர், மாஸ்டர். பிராக்டீஸ் முடிஞ்சதும் பால்ல கலந்து குடுக்கணும். அலுப்பு தெரியாது."

"பேரு இல்லையே சார். ஒட்டியிருந்ததைச் சுரண்டின மாதிரி இருக்கு."

"ஈரம் பட்டு வந்துடுச்சு. நீங்க பூட்டி மட்டும் வைங்க, போதும்."

ஈரத்தில் வந்த காகிதம் உரிந்து வரும். நகத்தால் சுரண்டின இழுப்பு இருக்காது. அந்த டின்னில் நாலு நக இழுப்பு இருந்தது. துளி எடுத்து நாக்கில் வைத்தேன். முன்னால் இனிப்பு, அடிநாக்கில் ஒரு கசப்பு. விளையாட்டுப் பிள்ளைகளுக்குத் திருட்டுத்தனமாகக் கொடுக்கும் ஊக்க மருந்தோ என்று சந்தேகம் பிடித்துக்கொண்டது.

பவுடர் எல்லோருக்கும் இல்லை. களத்தில் இறங்கும் ஏழு பேருக்கு மட்டும். அதில் ஒருத்தி முழங்கால் வலியில் ஊருக்குப் போய்விட்டதால் அப்போது ஆறு பேர். தினமும் சாயங்காலம் டின்னை வாங்கிக்கொண்டு போய் மைதானத்திலேயே கலந்து கொடுப்பார். முடிந்ததும் அவரே திருப்பிக் கொண்டுவந்து வைப்பார்.

நான் அந்த ஆறு பேரையும் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க ஆரம்பித்தேன். ஒருத்திக்கு முகமெல்லாம் பரு. இன்னொருத்தி, தட்டு வைக்கும்போதுகூடச் சத்தம் வராத பிள்ளை, வரிசையில் முந்தியவளைப் பிடித்துத் தள்ளினாள். மூன்றாமவள் மூன்று முட்டை கேட்டாள். எல்லாவற்றையும் மனசுக்குள் அடுக்கினேன். தேடுகிறவன் கண்ணுக்கு எல்லாமே ஆதாரமாகத்தான் படும். அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

வார்டன் அம்மாவிடம் போனேன். "அம்மா, அந்தப் பிள்ளைங்களுக்கு முகமெல்லாம் பரு வருதும்மா."

"வயசுப் பொண்ணுங்களுக்குப் பரு வராம உங்களுக்கா மாஸ்டர் வரும்? போங்க, குழம்பு கொதிக்குது பாருங்க."

அதோடு வந்துவிட்டேன். நக இழுப்பைச் சொல்லவில்லை. கசப்பைச் சொல்லவில்லை. டின்னை அவர் மேஜையில் வைத்து, "இதை டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா" என்று சொல்லியிருக்கலாம். பயிற்சியாளர் என்ன நினைப்பாரோ, நாளைக்கு என்மேல் ஏதாவது எழுதிப் போடுவாரோ என்று பயம். என் மகளுக்கு அப்போதுதான் நிச்சயம் ஆகியிருந்தது.

ஆளிடம் கேட்கப் பயந்தவன் அம்மனிடம் கேட்டேன். எங்கள் வழக்கத்தில் ஒரு காரியம் துணியாதபோது பூக்கட்டிப் பார்ப்போம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, கள்ளமில்லாத ஒரு கையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பூ விற்கும் அம்மாவின் கையை விட்டு எடுக்கச் சொன்னேன். டின்னில் இருப்பதைக் கொட்டிவிட்டு நானே அரைத்த சத்துமாவை வைக்கலாம் என்றால் வெள்ளை, பேசாமல் இருக்கச் சொன்னால் சிவப்பு.

வெள்ளை வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, பாரம் இறங்கின மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

அம்மனை நான் குறை சொல்ல மாட்டேன். நான் கேட்டதற்குத்தான் அவள் பதில் சொன்னாள். கொட்டு, கொட்டாதே என்ற இரண்டை மட்டும் மடித்துப் போட்டேன். "போய்ச் சொல்லு" என்பதை எந்தப் பொட்டலத்திலும் வைக்கவில்லை. வைத்திருந்தால் அவள் எதை எடுத்திருப்பாளோ.

மறுநாள் கோதுமை, பொட்டுக்கடலை, பச்சைப்பயறு, தோல் நீக்கிய வேர்க்கடலை எல்லாம் வறுத்து ஏலக்காய் சேர்த்து மில்லில் அரைத்து, மூன்று தடவை சலித்தேன். வெளுப்பாகத் தெரியப் பால் பவுடர். அதே வாசனை வரவேண்டும் என்று கேக்குக்கு ஊற்றும் எசன்ஸைத் தெளித்து உலர்த்தினேன். டின்னில் இருந்ததை விடுதிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் கொட்டினேன். வெள்ளையாகக் கொஞ்ச தூரம் மிதந்து போய்க் கரைந்தது. டின்னை என் மாவால் நிரப்பி, பழையபடி பூட்டினேன். பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துச் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினேன்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு பிள்ளை மட்டும், "சார், இன்னைக்குப் பாயசம் மாதிரி இருக்கு சார்" என்றாளாம். "வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும். குடி" என்றாராம் பயிற்சியாளர். அதைக் கேட்டு என் சந்தேகம் இன்னும் கெட்டியானது. கொடுக்கிறவனுக்குத் தான் கொடுப்பது இன்னதென்று தெரிந்திருந்தால் மாறியதும் தெரிந்திருக்காதா? பத்தாம் நாள் அவரே என்னிடம் வந்து, "பாத்தீங்களா மாஸ்டர், பிள்ளைங்க கொஞ்சமும் சோர்றதில்லை" என்றார். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அந்தச் சமயத்தில்தான் பேராவூரணியிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்திருந்தாள். தேன்மொழி என்று வைத்துக்கொள்வோம். தென்னந்தோப்பில் தேங்காய் உரிக்கும் வேலை பார்ப்பவரின் மகள். வந்த முதல் நாளே மெஸ் வாசலில் நின்று, "மாஸ்டர், எனக்கு வேர்க்கடலை ஆகாது. சின்ன வயசுல ஒரு கடலை உருண்டை தின்னு பட்டுக்கோட்டை ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. சட்னியில இருந்தாக்கூட சொல்லிடுங்க" என்றாள்.

"நீ கவலைப்படாதம்மா. உனக்குன்னு தனிக் கரண்டி" என்றேன். சொன்னபடியே செய்தேன். அவளுக்குத் தேங்காய்ச் சட்னி தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. கடலை வறுக்கும் சட்டியில் அவளுக்கு எதையும் தாளித்ததில்லை. மெஸ்ஸுக்குள் அவ்வளவு பத்திரம்.

டின் மாற்றிப் பன்னிரண்டாம் நாள். சாயங்காலம் சுண்டல் வாளியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறேன். தூரத்திலேயே சத்தம் கேட்டது. பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். நடுவில் தேன்மொழி தரையில் உட்கார்ந்து கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். உதடு தடித்திருந்தது. மூச்சு இழுக்கும்போது சீழ்க்கை மாதிரிச் சத்தம்.

"ஒண்ணுமில்ல, வெயில்தான். தள்ளி நில்லுங்க. தண்ணி ஊத்துங்கடி தலையில" என்றார் பயிற்சியாளர். ஒருத்தி வாளியோடு ஓடினாள்.

அவளுக்குப் பக்கத்தில் பால் தம்ளர்கள் இருந்தன. எண்ணினேன். ஏழு. காலியாகக் கிடந்த ஏழாவது இடத்துக்கு அன்று காலையில்தான் அவளை எடுத்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

இனிமேல்தான் நான் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாதது.

என் மனசில் முதலில் வந்தது அந்தப் பெண் இல்லை. "மாட்டிக்கிட்டான்" என்பதுதான் முதலில் வந்தது. பேர் சுரண்டின டின், பவுடர் குடித்த பெண் விழுந்துவிட்டாள், இப்போது எல்லோரும் அந்த டின்னைப் பார்ப்பார்கள் என்று ஒரு சந்தோஷம். ஆமாம், சந்தோஷம். அதற்குப் பிறகுதான் டின்னில் இருப்பது என் மாவு என்பது உறைத்தது. உறைத்த பிறகும் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும், போலீஸ் வரும், மகள் கல்யாணம் நின்றுவிடும் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது. நான் சும்மா இருந்தால் பழி அவர்மேல்தான் போகும் என்றும் ஓடியது. ஒரு வாளித் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது வாளி வந்தது. அதையும் ஊற்றி முடித்தார்கள். அவள் தண்ணீருக்கு நடுவில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அவள் என்னிடம் ஏதோ கேட்க வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை.

"சார்" என்றேன். "அது உங்க பவுடர் இல்ல சார்."

"என்னய்யா சொல்ற?"

"நான் மாத்திட்டேன். அது என் மாவு. அதுல வேர்க்கடலை இருக்கு. இவளுக்கு அது ஆகாது. தண்ணி ஊத்தாதீங்க, ஆசுபத்திரிக்குத் தூக்குங்க."

அந்த மனிதரைப் பற்றி எவ்வளவோ சந்தேகப்பட்டிருக்கிறேன். இதையும் சொல்லியாக வேண்டும். என்னைத் திட்ட ஒரு விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. அவளை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினார். வெளியில் சவாரிக்கு நின்ற ஆட்டோவில் அவர், மடியில் அவள், ஓரத்தில் தொங்கிக்கொண்டு நான். வழியெல்லாம், "மூச்சு விடும்மா, விடும்மா, தோ வந்தாச்சு" என்று அவளிடம் மட்டும்தான் பேசினார்.

ஆசுபத்திரியில் இருந்த டாக்டர் என் மகள் வயசுப் பெண். பார்த்ததுமே தொடையில் ஊசி போட்டார். போட்டுக்கொண்டே, "என்ன சாப்பிட்டா? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார். கோதுமை, பொட்டுக்கடலை, பச்சைப்பயறு, வேர்க்கடலை, பால் பவுடர், ஏலக்காய், எசன்ஸ் என்று ஒப்பித்தேன். பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சீழ்க்கைச் சத்தம் குறைந்தது. மாரியம்மா என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "வேர்க்கடலைன்னு யாரு சொன்னது?" என்று கேட்டார்.

"நான்தாம்மா."

"நல்லவேளை, உடனே சொன்னீங்க."

நான் தலையாட்டினேன்.

மறுநாள் காலை அவள் அப்பா வந்தார். கையில் தேங்காய் மட்டைக் கறை. எல்லாவற்றையும் கேட்டார். சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பு பண்ணீங்க, சரி. ஆனா உங்க வேலைக்குப் பயந்து மூடி மறைக்காம உடனே சொன்னீங்க பாருங்க, அதான் எம் பொண்ணு பொழைச்சா" என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

தேன்மொழிதான் விடவில்லை. கட்டிலில் சாய்ந்தபடி, "சட்னிக்குத் தனிக் கரண்டி வச்சீங்க. டின்னுக்கு யார் மாஸ்டர் கரண்டி வைக்கிறது?" என்றாள். பிறகு மெதுவாக, "நான் சார்கிட்ட கேட்டுட்டுத்தான் குடிச்சேன். இதுல வேர்க்கடலை இருக்கான்னு கேட்டேன். இல்லன்னார். அவர் பொய் சொல்லல மாஸ்டர்" என்றாள்.

அவர் வாயில் வந்த நிஜத்தை நான் பொய்யாக்கி வைத்திருந்தேன். இதைவிடப் பெரிய அடி எனக்கு எந்த விசாரணையிலும் விழவில்லை.

விசாரணையும் நடந்தது. இரண்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். "சமையலர் உடனடியாக உண்மையைத் தெரிவித்ததால்" என்று அறிக்கையிலும் எழுதி, திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். மகள் கல்யாணமும் நின்றுபோகாமல் நடந்தது.

பயிற்சியாளர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நான் திரும்ப வேலைக்கு வந்த அன்று மெஸ் வாசலில் நின்று, "டின்ல இருந்ததை என்ன பண்ணீங்க?" என்றார்.

"வாய்க்கால்ல கொட்டிட்டேன் சார்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"சரி" என்று போய்விட்டார். அந்த முகத்தில் இருந்தது வருத்தமா, நிம்மதியா என்று இன்றுவரை யோசிக்கிறேன். அதற்குப் பிறகு அவர் டின் கொண்டுவரவில்லை. அடுத்த வருடம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அந்த டின்னில் இருந்தது கெட்ட மருந்தா, வெறும் பால் சத்தா என்று எனக்குத் தெரியாது. என் சந்தேகம் சரியா தப்பா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியை என் கையாலேயே தண்ணீரில் விட்டேன். சரியாக இருந்திருந்தால் குற்றம் செய்தவரைத் தப்ப விட்டேன். தப்பாக இருந்திருந்தால் ஒரு நல்ல மனிதரை மாதக்கணக்கில் திருடனாகப் பார்த்தேன்.

ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். பேர் இல்லாத எதையும் மெஸ்ஸுக்குள் விடாதீர்கள். யார் கொண்டுவந்தாலும் பயப்படாமல் கேளுங்கள். பதில் பிடிக்கவில்லை என்றால் பொருளைத் தொடாமல், கொட்டாமல், அப்படியே மேலே இருப்பவர் மேஜையில் கொண்டுபோய் வையுங்கள். பக்கத்தில் டாக்டரோ நர்ஸோ இருந்தால் காட்டுங்கள். உங்கள் மாவு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், குடிக்கிறவருக்குத் தெரியாமல் அதை அவர் தம்ளரில் போட உங்களுக்கு உரிமை கிடையாது. நான் திரும்பி வந்த பிறகு மெஸ் வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினேன். மோரில் என்ன, சுண்டலில் என்ன, எந்த எண்ணெய் என்று தினமும் எழுதினேன். தேன்மொழி அதை வாய்விட்டு வாசித்த பிறகுதான் தட்டை நீட்டுவாள். மற்ற பிள்ளைகள் கேலி செய்ய ஆரம்பித்து, பிறகு அவர்களும் வாசிக்க ஆரம்பித்தார்கள்.

அவள் இப்போது மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். தீபாவளிக்குத் தீபாவளி போன் செய்வாள். போன வருடம் அவள் பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொன்னாளாம். "எங்க மாஸ்டர் உடனே சொல்லிட்டார், அதான் நான் இன்னைக்கு உங்க முன்னாடி நிக்கறேன்னு சொன்னேன் மாஸ்டர்" என்றாள். அன்றுதான் நாலாவது நோட்டு வாங்கினேன்.

இதை அவளும் படிப்பாள். இத்தனை வருடம் நான் பயந்தது அதற்குத்தான். படிக்கட்டும். தம்பி, தங்கைகளே, இதை நீங்கள் அடுத்து வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். எனக்கு நல்ல பேர் வரட்டும் என்று அன்பில் யாராவது எதையாவது விட்டுவிடுவீர்கள், அதுதான் இப்போது என் பயம். அந்த இரண்டு வாளித் தண்ணீரை விட்டுவிடாதீர்கள். "உடனே" என்ற சொல்லை மட்டும் மறுபடி சேர்த்துவிடாதீர்கள்.